ரூபி தெரிந்தவர் ஏலத்தோட்டத்துக்கு ஆப் எழுதினால் ஸ்கிரீன்களை எப்படிப் பிரிப்பது?

தம்பி கேட்டது இதுதான். அவர் மாமாவுக்கு வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்டம், குடும்பம் கம்பத்தில். தம்பி ரெண்டு வருஷமாக ரெயில்ஸ் (ரூபி மொழியில் வெப்சைட் கட்டுகிற ஃபிரேம்வொர்க்) எழுதுகிறார். ஆள் கணக்கு, காய் எடை, கூலி மூன்றையும் சிட்டையிலிருந்து போனுக்கு மாற்றச் சொல்லி மாமா நச்சரிக்கிறார். ஐபோன் ஆப்புக்கான ஸ்விஃப்ட், ஆண்ட்ராய்டு ஆப்புக்கான காட்லின் ரெண்டு மொழியும் தம்பிக்குத் தெரியாது. ரூபியிலேயே மொபைல் ஸ்கிரீன் கட்டலாம் என்று ரூபிமோஷன், புரோமோஷன் பற்றிப் படித்திருக்கிறார். "அதை எடுக்கலாமா அண்ணா? எடுத்தால் ஸ்கிரீன்களை எப்படிப் பிரிப்பது?"

முதல் கேள்விக்கு உடனே சொல்லிவிடுகிறேன். புரோமோஷனை உட்கார்ந்து படியுங்கள், மாமா தோட்டத்து ஆப்பை மட்டும் அதில் கட்ட வேண்டாம். ரெண்டாவது கேள்விதான் பெரிசு. அதற்குப் பதில் எந்த ஃபிரேம்வொர்க்கிலும் இல்லை, சாயங்காலம் நாலரை மணிக்கு, காய் உலர்த்துகிற உங்கள் மாமா ஸ்டோர் வாசலில் இருக்கிறது. அங்கே வருகிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

ரூபிமோஷன் வெளிவந்தது 2012 மே மாதம். எழுதியவர் லாரன்ட் சான்சொனெட்டி. ஆப்பிளில் இருந்தபோது மேக்ரூபி செய்தவர், வெளியே வந்து ஹிப்பைட் என்று கம்பெனி வைத்து இதை விற்றார். நாம் எழுதும் ரூபி, எல்எல்விஎம் என்ற கம்பைலர் கருவி வழியாக நேரே எந்திர மொழியாகக் கம்பைல் ஆகிவிடும். ஆப்புக்குள் தனியாக ஒரு ரூபி இன்டர்பிரட்டர் உட்கார்ந்து ஓடாது. ரூபி ஸ்ட்ரிங் என்று நாம் கையில் பிடிப்பது உள்ளே ஆப்பிளின் என்எஸ்மியூட்டபிள்ஸ்ட்ரிங்கேதான். அரே, ஹேஷ் கதையும் அதுவே. நடுவில் மொழிபெயர்க்க ஆள் இல்லாததால் வேகம் நன்றாக இருந்தது. அதற்கு விலையும் உண்டு. எழுத்தையே நிரலாக ஓட்டுகிற இவால் கிடையாது, ஓடும்போது ரிக்வயர் என்று வேறு கோப்பைச் சேர்க்க முடியாது, ரெயில்ஸில் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கும் ஜெம் (தயாராகக் கிடைக்கிற ரூபித் துணைநிரல்) எதுவும் அப்படியே ஓடாது. அதற்கென்று எழுதின ஜெம்கள்தான் வேண்டும்.

ஆனால் வேலை செய்யும் சுகம் இருக்கிறதே! ஆப் எழுத ஆப்பிள் தருகிற எக்ஸ்கோடைத் திறக்கவே வேண்டாம். டெர்மினலில் ரேக் என்று அடித்தால் சிமுலேட்டர் எழும்பும், அதே டெர்மினல் ரூபி கன்சோலாக மாறி நிற்கும். கமாண்ட் கீயை அழுத்திக்கொண்டு சிமுலேட்டரில் ஒரு லேபிளை மவுஸால் தொட்டால் அந்த லேபிள் கன்சோலில் நம் கைக்கு வந்துவிடும். நிறத்தை மாற்றச் சொன்னால் ஓடுகிற ஆப்பிலேயே மாறும். முதல் தடவை அதைச் செய்தபோது வீட்டில் ஆள் கூப்பிட்டு வைத்துக் காட்டினேன். யாருக்கும் புரியவில்லை, நான் மட்டும் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை.

அதன்மேல் வந்த ஜெம்தான் புரோமோஷன். ஜேமன் ஹோம்கிரன் ஆரம்பித்தது. ஆப்பிளின் யுஐவியூகன்ட்ரோலர் என்ற பெரிய பெட்டியை எடுத்து, ரெயில்ஸ்காரனுக்குப் பிடிபடுகிற மாதிரி ஸ்கிரீன் என்று பெயர் வைத்துக் கொடுத்தார்கள். ஒரு ஸ்கிரீன் ஒரு கிளாஸ். மேலே தலைப்பு ஒரு வரி. பட்டியல் வேண்டுமென்றால் டேபிள்ஸ்கிரீனிலிருந்து பிறக்கவைத்து, டேபிள் டேட்டா என்ற ஒரே மெத்தடில் வரிசைகளைத் திருப்பித் தந்தால் போதும். அடுத்த ஸ்கிரீனுக்குப் போக ஓப்பன், வந்த வழி திரும்ப குளோஸ்.

ஓப்பன், குளோஸ், சொல்லும்போது சாதாரணமாகத்தான் தெரியும். நான் உங்களைப் படிக்கச் சொல்வது அதற்காகத்தான். ரெயில்ஸில் நமக்கு 'திரும்புதல்' என்று ஒன்றே கிடையாது, ரீடைரக்ட்தான் உண்டு. பக்கம் முடிந்ததும் இன்னொரு பக்கத்துக்குத் தூக்கி எறிகிறோம். போனில் ஸ்கிரீன்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நிற்கும். ஆள் பட்டியல் கீழே இருக்கும், அதன்மேல் எடை ஸ்கிரீனை ஓப்பன் செய்கிறோம். அது வேலை முடிந்து, 'கிலோ 14' என்று கையில் ஒரு மதிப்போடு குளோஸ் ஆகிறது. கீழே காத்திருந்த ஸ்கிரீனில் ஆன் ரிட்டர்ன் என்ற மெத்தட் அந்த 14-ஐ வாங்கிக்கொள்கிறது. கடைக்கு அனுப்பின பையன் மீதிச் சில்லறையோடு வருகிற மாதிரி. ஆன் லோட் வாழ்நாளில் ஒரே தடவை ஓடும், வில் அப்பியர் ஒவ்வொரு முறை அந்த ஸ்கிரீன் கண்ணுக்குத் தெரியும்போதும் ஓடும். இந்த ரெண்டுக்கும் வித்தியாசம் புரியாமல் மொத்தக் கிலோவை ஆன் லோடில் கூட்டி வைத்தால், எடை போட்டுத் திரும்பி வந்த பிறகும் பழைய மொத்தமே காட்டும். இந்தத் தப்பைச் செய்யாத ரெயில்ஸ்காரனை நான் பார்த்ததில்லை.

இன்னொரு தப்பையும் விலாவாரியாகச் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் எந்த ஃபிரேம்வொர்க்குக்குப் போனாலும் அது உங்களுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும். 2013-ல் ஒரு முதலாளிக்கு இதே புரோமோஷனில் ஆள் கணக்கு ஆப் எழுதினேன். அறுபது பெயர். பெயரைத் தொட்டால் பக்கத்தில் டிக் விழும், வந்தாச்சு என்று அர்த்தம். ஐந்து பெயரை வைத்து வீட்டில் சோதித்தேன், பளிச்சென்று வேலை செய்தது. தோட்டத்தில் முதல் நாளே கணக்குப்பிள்ளை போன் போட்டார். "சார், முத்துலட்சுமிக்கு டிக் போட்டா பாண்டியம்மாளுக்கும் சேர்ந்து விழுது. பாண்டியம்மா இன்னைக்கு வரவே இல்ல."

காரணம் இதுதான். போன் திரையில் ஒரே சமயம் பத்துப் பன்னிரண்டு வரிதான் தெரியும். அறுபது பெயருக்கு அறுபது வரி செய்து வைத்தால் மெமரி வீண் என்று, பதினைந்துக்குள் வரிகளை மட்டும் ஐஓஎஸ் செய்துகொண்டு அவற்றையே சுழற்றும். மேலே தள்ளிப்போன வரியைக் கீழே கொண்டுவந்து பெயரை மட்டும் மாற்றும், காப்பிக்கடைத் தம்ளரைக் கழுவி அடுத்தவருக்குக் கொடுக்கிற மாதிரி. நான் டிக்கை வரியின்மேல் ஒட்டியிருந்தேன், தரவில் ஏற்றவில்லை. முத்துலட்சுமியின் வரி சுழன்று பாண்டியம்மாளுக்குப் போனபோது டிக்கும் கூடவே போனது. தம்ளர் கழுவாத கதை. திருத்தம் ரெண்டு வரிதான். தொட்டதும் தரவில் வந்தாச்சு என்று குறிக்க வேண்டும், பிறகு அப்டேட் டேபிள் டேட்டா என்று கூப்பிட்டு ஸ்கிரீனைத் தரவிலிருந்து மறுபடி வரையச் சொல்ல வேண்டும். ஆண்ட்ராய்டில் ரீசைக்ளர்வியூ என்று பெயரிலேயே சுழற்சியை வைத்திருக்கிறார்கள், அங்கேயும் இதே வழக்குதான். பாண்டியம்மாளுக்கு வராத நாளுக்குக் கூலி போனதா என்று கேட்காதீர்கள். கணக்குப்பிள்ளை சிட்டையையும் தனியே எழுதிக்கொண்டிருந்தார், ஆப் வந்தும் விடவில்லை. இப்போது நினைத்தால் அந்த மனுஷனைக் கும்பிடத் தோன்றுகிறது.

அந்த ஆப் மூன்று மாதத்தில் செத்துப்போனது. புரோமோஷன் மேல் குற்றம் இல்லை. அப்போது ரூபிமோஷன் போன்களில் ஐபோனுக்கு மட்டும்தான். முதலாளி கையில் ஐபோன், எடை போடுகிற கணக்குப்பிள்ளை கையில் ஆண்ட்ராய்டு. முதலாளியின் பழைய ஐபோன் ஒன்றைக் கணக்குப்பிள்ளைக்குக் கொடுத்துப் பார்த்தோம். மழையில் நனைந்தது, அரிசி டப்பாவில் போட்டு வைத்தார்கள், எழும்பவில்லை. 2014-ல் ரூபிமோஷனுக்கு ஆண்ட்ராய்டு வந்தது, ஆனால் புரோமோஷன் ஐஓஎஸ்ஸின் எலும்பின்மேல் கட்டப்பட்ட வீடு, அதை அப்படியே பெயர்த்து ஆண்ட்ராய்டில் வைக்க முடியாது.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். ஹோம்கிரன் இருந்த இன்ஃபினிட் ரெட் குழு, ஜாவாஸ்கிரிப்டில் ஆப் எழுதுகிற ரியாக்ட் நேட்டிவ் பக்கம் போனது. ரூபிமோஷன் அமீர் ராஜன் கைக்கு வந்தது. 2014-ல் அமெரிக்க ஆப் ஸ்டோரில் முதலிடம் பிடித்த 'எ டார்க் ரூம்' விளையாட்டின் ஐபோன் வடிவத்தை ரூபிமோஷனில் எழுதியவர் அவர்தான். இப்போது அவர் கவனமெல்லாம் டிராகன்ரூபி என்ற விளையாட்டு எஞ்சினில். விளையாட்டு எழுதுகிறீர்கள் என்றால் அதை எடுங்கள் என்று நானே சொல்வேன். கூலிக் கணக்கு அப்படி இல்லை. அடுத்த எக்ஸ்கோடு, அடுத்த ஆண்ட்ராய்டு வரும்போது பதில் சொல்ல நாலு பேராவது இருக்கிற கருவி வேண்டும்.

இனி ஸ்டோர் வாசலுக்கு வருவோம்.

உங்களுக்கே தெரிந்த காட்சிதான், இருந்தாலும் ஆப் எழுதுகிறவன் கண்ணோடு ஒருமுறை பாருங்கள். நாலரை மணி. எடுத்த பச்சைக்காய் சாக்கில் வந்து இறங்குகிறது. தராசுக்கு முன்னால் நாற்பது ஐம்பது பெண்கள் வரிசையில். ஜீப்காரர் ஹாரன் அடிக்கிறார், இருட்டுவதற்குள் கம்பம்மெட்டு இறங்க வேண்டும். கணக்குப்பிள்ளை ஒரு கையால் சாக்கைத் தராசில் நேராக்குகிறார், மறு கையில் பென்சில். "கூடலூர் லட்சுமி, பதினாலே கால்." எழுதினார், அடுத்தவர். ஒரு ஆளுக்குப் பத்து வினாடிக்கு மேல் கிடையாது. விரல் ஈரம், காயின் பிசின் வேறு. சாரல் அடிக்கிறது. சிக்னல் இருந்தால் ஒரு கோடு, பல நாள் அதுவும் இல்லை.

இந்த இடத்துக்கு ரெயில்ஸ் பழக்கத்தோடு ஒருவர் வந்தால் என்ன செய்வார்? ரெயில்ஸே பக்கங்களை உண்டாக்கித் தருகிற ஸ்காஃபோல்ட் போடுவார். தொழிலாளி என்று ஒரு மாடல், எடை என்று ஒரு மாடல். ஒவ்வொன்றுக்கும் பட்டியல், புதுசு, திருத்து, காட்டு என்று நாலு பக்கம். ஒரு எடை போட, பட்டியலில் லட்சுமியைத் தேடு, தொடு, அவர் பக்கம் வரும், 'புதிய எடை' என்பதைத் தொடு, ஃபார்ம் வரும், எழுது, சேமி, 'வெற்றிகரமாகச் சேமிக்கப்பட்டது' என்று ஒரு பக்கம் வரும், பின்னால் போ, இன்னொரு தடவை பின்னால் போ. ஐம்பது பேருக்கு இப்படிச் செய்தால் ஜீப் போய்விடும், கணக்குப்பிள்ளையும் போய்விடுவார்.

மாடலுக்கு ஒன்று என்று ஸ்கிரீனை எண்ணாதீர்கள், அன்றாடத்தில் ஆள் நின்று செய்கிற வேலைக்கு ஒன்று என்று எண்ணுங்கள். உங்கள் தோட்டத்தில் அப்படி எண்ணினால் எனக்குத் தெரிந்து ஐந்துதான் தேறும். காலையில் ஜீப்பில் ஏறினது யார் யார். மத்தியானம் யார் காய் எடுப்பு, யார் கவாத்து, யார் மருந்தடிப்பு. சாயங்காலம் எடை. சனிக்கிழமை கூலி. அப்புறம் மாமா கம்பத்தில் நாற்காலியில் சாய்ந்துகொண்டு பார்க்கிற மொத்தக் கணக்கு: இந்த எடுப்பில் எவ்வளவு பச்சைக்காய், ஸ்டோரிலிருந்து எவ்வளவு உலர்காய். ஏறக்குறைய ஐந்து கிலோவுக்கு ஒரு கிலோ தேறுகிறதா என்றுதான் அவர் கண் போகும்.

இந்த ஐந்தில் கூலி, மொத்தக் கணக்கு, வேலைப் பிரிவு மூன்றும் நெட் இருக்கிற இடத்தில் பார்க்கக்கூடியவை, அல்லது அரைமணி பொறுக்கக்கூடியவை. அவற்றுக்கு உங்கள் ரூபி முழுசாகப் பயன்படும், ஹாட்வயர் நேட்டிவ் வழியாக.

ஹாட்வயர் நேட்டிவ் 2024 செப்டம்பரில் வெளிவந்தது, ரெயில்ஸை உண்டாக்கிய அதே கம்பெனியிலிருந்து. அதற்கு முன்னால் டர்போலிங்ஸ், டர்போ நேட்டிவ், ஸ்ட்ராடா என்று பல பெயரில் இருந்த சங்கதியை ஒன்றாகச் சேர்த்தது. ரெயில்ஸ் எச்டிஎம்எல்லைத் தரும். போனில் உள்ள மெல்லிய கூடு அதை வெப்வியூவில், அதாவது ஆப்புக்குள் இருக்கிற பிரவுசர் சன்னலில், காட்டும். ஆனால் ஒரு லிங்கைத் தொட்டால் பிரவுசர் மாதிரிப் பக்கம் மாறாது. போனுக்கென்றே எழுதின நேட்டிவ் ஆப்பில் வருகிற மாதிரியே புது ஸ்கிரீன் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு வரும், பின்செல்லும் பொத்தானும் தானே வரும். உள்ளே பெரும்பாலும் ஒரே வெப்வியூதான், ஸ்கிரீன் மாறும்போது பழையதைப் படம் பிடித்து வைத்துவிட்டுப் புதியதற்கு இடம் மாறிக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரியாத கைவித்தை. பக்கத்தின் டைட்டில் டேக்கில் என்ன எழுதுகிறீர்களோ அதுவே மேலே நேட்டிவ் பட்டையில் தலைப்பாக நிற்கும். அதனால் லேஅவுட்டில் ஹாட்வயர் நேட்டிவ் ஆப் தானா என்று கேட்கிற ஹெல்பரைப் போட்டு, உங்கள் வெப் தலைப்பை ஆப்பில் மறைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் 'கூலிக் கணக்கு' என்று ரெண்டு தடவை எழுதி நிற்கும், கல்யாணப் பத்திரிகை மாதிரி.

புரோமோஷனில் ஓப்பன் என்று எழுதும்போதே மோடலா, சாதாரணமா என்று ரூபியில் சொல்வோம். இங்கே அந்த முடிவு பாத் கன்ஃபிகரேஷன் என்ற ஒரு ஜேசான் கோப்பில் இருக்கிறது. முகவரி 'நியூ' என்றோ 'எடிட்' என்றோ முடிந்தால் கீழிருந்து எழும்புகிற மோடலாகக் காட்டு, மற்றதைத் தள்ளிக் காட்டு என்று விதி எழுதலாம். ஒரு பிரதியை ஆப்போடு கட்டி அனுப்பலாம், இன்னொன்றை ரெயில்ஸ் சர்வரிலேயே வைக்கலாம். நாளைக்கு ஒரு ஸ்கிரீனை மோடலாக மாற்ற வேண்டுமென்றால் சர்வரில் மாற்றினால் போதும், எல்லார் போனிலும் புது ஆப் ஏற்ற வேண்டாம். மலைக்கு மேலே இருக்கிற அஞ்சு போனைத் தேடி ஜீப்பில் அலைந்தவனுக்கு இதன் அருமை தெரியும்.

இங்கே ரெயில்ஸ் பக்கம் ரெண்டு எண்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஃபார்ம் நல்லபடியாகச் சேர்ந்தால் ரீடைரக்டை 303 என்ற ஸ்டேட்டஸோடு (சர்வர் பதிலோடு அனுப்புகிற நிலை எண்) அனுப்ப வேண்டும். போகிற இடம் சாதாரண ஸ்கிரீன் என்றால் மோடல் தானே மூடிக்கொள்ளும். ஃபார்மில் பிழை இருந்தால் 422 என்ற ஸ்டேட்டஸோடு அதே ஃபார்மைத் திருப்பி வரைய வேண்டும். 200 என்று விட்டால் பிழைச் செய்தியே தெரியாது, பொத்தானை அழுத்தி அழுத்திக் கை வலிக்கும். குளோஸ், ஆன் ரிட்டர்ன் செய்த வேலையை இங்கே இந்த ஸ்டேட்டஸ் எண்கள் பாதி செய்கின்றன. புரோமோஷனை முன்பே படித்திருந்தால் ஏன் அப்படி என்று கேட்கவே தோன்றாது.

சோதிக்கும்போது ஒரு சின்ன விஷயம். ஐபோன் சிமுலேட்டரில் லோக்கல்ஹோஸ்ட் 3000 என்று கொடுத்தால் உங்கள் ரெயில்ஸ் கிடைக்கும். ஆண்ட்ராய்டு எமுலேட்டரில் லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்த எமுலேட்டரையே குறிக்கும், உங்கள் லேப்டாப்பைப் பிடிக்க 10.0.2.2 என்று கொடுக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 9-லிருந்து எச்டிடிபிஎஸ் இல்லாத முகவரியைத் தானாகவே தடுக்கும், டெவலப்மென்ட் பில்டுக்கு மட்டும் அனுமதி கொடுத்துக்கொள்ளுங்கள். இதில் அரை நாள் தொலைப்பார்கள்.

இப்போது எடை ஸ்கிரீன். இதை வெப்வியூவில் கட்டாதீர்கள். நெட் இல்லையென்றால் ஹாட்வயர் நேட்டிவ் காட்டுவது பிழைப் பக்கம்தான், ஏனென்றால் எச்டிஎம்எல் கம்பத்திலோ சிங்கப்பூரிலோ இருக்கிற சர்வரிலிருந்து வர வேண்டும். எனவே கொஞ்சம் காட்லின் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும், தப்பிக்க வழியில்லை. பயப்படாதீர்கள், ஒன்றிரண்டு ஸ்கிரீன்தான். ரூபி தெரிந்தவனுக்குக் காட்லின் பங்காளி வீட்டு மொழி மாதிரிதான், பிளாக் எழுதுகிற கைக்கு லாம்டா உடனே வரும். ஃபிராக்மென்ட் என்ற ஆண்ட்ராய்டு ஸ்கிரீன் துண்டு ஒன்றை எழுதி அதற்கு யுஆர்ஐ என்ற அடையாள முகவரி கொடுத்து, பாத் கன்ஃபிகரேஷனில் எடை முகவரிக்கு அந்த யுஆர்ஐயைக் காட்டினால், லிங்கைத் தொட்டதும் வெப்பக்கம் வருவதற்குப் பதில் உங்கள் நேட்டிவ் ஸ்கிரீன் வரும். ஆப் திறந்ததும் வருகிற முதல் ஸ்கிரீனையும் நேட்டிவாகவே வையுங்கள். வாசல் வெப்வியூவாக இருந்தால் சிக்னல் இல்லாத இடத்தில் வாசலையே தாண்ட முடியாது, உள்ளே அருமையான எடை ஸ்கிரீன் இருந்து என்ன புண்ணியம்.

எடை போனிலேயே சேர வேண்டும், ரூம் என்ற லைப்ரரி வழியாக எஸ்க்யூலைட்டில். ஆள் பட்டியலைக் காலையில் கம்பத்தில் நெட் இருக்கும்போதே இறக்கி வைத்துவிட வேண்டும். ஒவ்வொரு எடைக்கும் போனே யுயுஐடி என்ற தனி அடையாளம் ஒன்று போடட்டும், சர்வர் போடக் கூடாது. சிக்னல் வந்ததும் ஆண்ட்ராய்டின் வொர்க்மேனேஜர் அனுப்பும். பாதியில் அறுந்தால் மறுபடி அனுப்பும். ஒரே எடை மூன்று தடவை வந்தாலும் ரெயில்ஸ் பக்கம் யுயுஐடி மேல், ஒன்றே மறுபடி சேரவிடாத யுனிக் இன்டெக்ஸ் இருந்தால் ஒன்றுதான் நிற்கும். இது இல்லாமல் விட்டால் கூடலூர் லட்சுமி ஒரே நாளில் நாற்பத்திரெண்டே முக்கால் கிலோ எடுத்ததாகக் கணக்கு வரும். மாமா சந்தோஷப்படுவார், சனிக்கிழமை வரைக்கும்.

இந்த ஸ்கிரீன் எப்படி இருக்க வேண்டும்? சேமித்ததும் குளோஸ் ஆகக் கூடாது. அங்கேயே நிற்க வேண்டும், அடுத்த ஆளின் பெயர் மேலே வந்துவிட வேண்டும். நடுவில் கிலோ பெரிய எழுத்தில், தராசுக்கு அந்தப் பக்கம் நிற்கிற லட்சுமிக்கும் தெரிகிற அளவுக்கு. இதை அழகுக்காகச் சொல்லவில்லை. சிட்டையில் எழுதும்போது அவர்கள் எட்டிப் பார்ப்பார்கள், பென்சில் நகர்வதைப் பார்த்தே கால் கிலோ குறைந்ததைக் கண்டுபிடிப்பார்கள். போனுக்கு மாற்றும்போது அந்த எட்டிப் பார்க்கிற உரிமையைப் பிடுங்கினால் ஆப் மேல் ஒருத்தருக்கும் நம்பிக்கை வராது. அதே காரணத்துக்காக, போட்ட எடையைத் திருத்துகிற பொத்தான் வேண்டாம். தப்பு என்றால் இன்னொரு வரி, 'கழிவு அரை கிலோ, காரணம் ஈரச்சாக்கு' என்று. பழைய வரி அப்படியே நிற்கட்டும்.

பொத்தான் அளவுக்கு ஆண்ட்ராய்டு சொல்வது குறைந்தது 48 டிபி, ஆப்பிள் சொல்வது 44 பாயின்ட். அது காய்ந்த விரலுக்கு. ஏலக்காட்டுக்கு நான் 72 வைக்கிறேன். கீபோர்டு எழும்பவே வேண்டாம், பத்து எண்களையும் கால், அரை, முக்கால் என்ற மூன்று பொத்தான்களையும் ஸ்கிரீனிலேயே வரைந்துவிடுங்கள். புள்ளி இரண்டு ஐந்து என்று யாரும் சொல்வதில்லை.

பெயர் விஷயத்தில் ஜாக்கிரதை. ஒரே செட்டில் மூன்று லட்சுமி இருப்பார்கள். ஊர்ப்பெயரோடு சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள், அப்படியே பதியுங்கள். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று ரெண்டு கட்டம் போட்டால் கணக்குப்பிள்ளை ரெண்டாவதில் புள்ளி வைத்துவிட்டுப் போவார். மொழியும் ஒன்று போதாது. எடை ஸ்கிரீன் தமிழில், ஸ்டோர் பார்க்கிற ஆள் வண்டன்மேட்டுக்காரர் என்றால் அவருக்கு மலையாளத்தில், இப்போது வடக்கேயிருந்து வந்து லயத்தில் தங்கியிருக்கிறவர்களுக்கு இந்தியில். ரெயில்ஸில் மொழி மாற்றுவதற்கான ஐ18என் கோப்புகள் ரெடியாக இருக்கின்றன, ஆனால் காட்லின் ஸ்கிரீனுக்குத் தனியாக ஸ்ட்ரிங் கோப்பு எழுத வேண்டும், மறந்துவிடாதீர்கள். 'சமர்ப்பிக்கவும்' என்று எழுதினால் பொத்தானை விட்டு வெளியே ஓடும், 'சேமி' போதும். லைன் ஹைட்டைக் கொஞ்சம் தாராளமாக வையுங்கள். இங்கிலீஷுக்கு அளவெடுத்துத் தைத்த வரியில் தமிழின் மேல் விலங்கும் கீழ்ச் சுழியும் வெட்டுப்படும். கி வெறும் க மாதிரித் தெரியும்.

பிளே ஸ்டோரில் போட வேண்டுமா என்று கேட்பீர்கள். 2023 நவம்பருக்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்கு என்றால் 12 பேரை வைத்து 14 நாள் குளோஸ்டு டெஸ்டிங் முடித்த பிறகுதான் கூகுள் வெளியிடவே விடும். உங்களுக்கு வேண்டியது அஞ்சு போன். ஆப்பின் ஏபிகே கோப்பை நேரே ஏற்றிக் கொடுங்கள், சீசன் முடிந்ததும் பிளே ஸ்டோரைப் பற்றி யோசிக்கலாம். ஐபோனுக்கு வருஷம் 99 டாலர். மாமா ஐபோன் வைத்திருந்தால் சஃபாரியில் மொத்தக் கணக்குப் பக்கத்தைத் திறந்து ஹோம் ஸ்கிரீனில் சேர்த்துக் கொடுங்கள். அதே ரெயில்ஸ் பக்கம்தானே, அவர் ஆப் என்றே நினைத்துக்கொள்வார்.

காட்லினுக்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். கணக்குப்பிள்ளையிடம் போன மாதச் சிட்டையைக் கேட்டு வாங்கி, நாலு பக்கம் போட்டோ எடுங்கள். ஓரத்தில் அவர் கிறுக்கியிருப்பார்: 'பாதி நாள்', 'பிள்ளைக்கு ஜொரம்', 'முன்பணம் 500'. நான் சொன்ன ஐந்து ஸ்கிரீனில் அடங்காத ஆறாவது ஏதாவது இருந்தால் அந்த ஓரத்தில்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை நான் குமுளியில்தான் இருப்பேன். லோயர் கேம்ப் ஏறி வருகிறபடி இருந்தால் சிட்டைப் போட்டோவோடு வாருங்கள், ஸ்கிரீன்களைப் பேப்பரில் வரைந்து பார்த்துவிடலாம்.